ஆம்ப்பை ஆஃப் பண்ணலாமா, ஆன்லயே விடலாமா?

வணக்கம். இந்த வாரம் வந்ததுல ஒரு கேள்வி என்னை விடவே மாட்டேங்குது. ஒரு நேயர் கேக்கறார்: "சார், ஆம்ப்ளிஃபையரை ஆஃப் பண்ணவே கூடாது, ஆஃப் பண்ணி ஆன் பண்றதுலதான் அது கெடும், ஓடிட்டே இருந்தா சவுண்டும் நல்லா இருக்கும்னு நண்பர் சொல்றார். நிஜமா?"

நண்பர் சும்மா சொல்லலைங்க. அதுக்குப் பின்னாடி ஒரு வால்வு காலத்துக் கதை இருக்கு. வால்வுன்னா ட்ரான்சிஸ்டருக்கு முன்னாடி இருந்த கண்ணாடிக் குழாய், உள்ள ஒரு ஹீட்டர் இழை சூடானாத்தான் வேலை செய்யும். அமெரிக்காவுல எனியாக்னு ஒரு கம்ப்யூட்டர், 1946-ல வெளி உலகத்துக்குக் காட்டினாங்க. உள்ள 17,000-க்கு மேல வால்வு. சூடேறும்போதும் ஆறும்போதும்தான் நிறைய வால்வு போச்சு. அதனால அதை ஆஃப் பண்ணாமலே ஓட்டினாங்க. குண்டு பல்பு பெரும்பாலும் சுவிட்ச் போடற நேரத்துலதானே ஃப்யூஸ் ஆகும்? அதே சங்கதிதான்.

ஆனா உங்ககிட்ட இருக்கறது ட்ரான்சிஸ்டர் ஆம்ப். அதுல அந்த ஹீட்டர் இழையே கிடையாது. ஆன் பண்ற கணத்துல காலியா இருக்கற ஃபில்டர் கெப்பாசிட்டர், அதாவது மின்சாரத்தைச் சேத்து வைக்கற பாகம், கரண்ட்டை மொத்தமா இழுக்கும், வாஸ்தவம். அதைத் தாங்கறதுக்குத்தான் டிசைன் பண்றாங்க. பெரிய ஆம்ப்ல அந்த வேகத்தைக் குறைக்கத் தெர்மிஸ்டரோ ரிலேயோ இருக்கும். பாகங்களை ஒட்டவச்சிருக்கற சால்டர் சூட்டுல விரிஞ்சு சுருங்கறதும் உண்மைதான். தினம் ஒரு தடவை போட்டு நிறுத்தறதுக்கெல்லாம் பயப்படாதீங்க.

பயப்பட வேண்டியது சூட்டுக்கு. வழக்கமா பார்க்கறவங்க "ஆரம்பிச்சுட்டார்யா"ன்னு சிரிப்பீங்க, பரவாயில்லை, மறுபடியும் சொல்றேன். நான் சொன்ன ஃபில்டர் கெப்பாசிட்டர் எலக்ட்ரோலிட்டிக் வகை, அது மேல 105 டிகிரின்னு அச்சடிச்சிருக்கும். அந்தச் சூட்டுல 2,000 மணி நேரம் தாங்கும்னு வச்சுக்குங்க. பத்து டிகிரி குறைஞ்சா ஆயுசு ஏறக்குறைய ரெண்டு மடங்கு. அப்போ 65 டிகிரியில 32,000 மணி நேரம். ராத்திரி பகலா ஓடினா மூணரை வருஷத்துக்குக் கொஞ்சம் மேல. தினம் நாலு மணி நேரம்னா 21 வருஷம் தாண்டும்! தோராயக் கணக்குதான், ஆனா வித்தியாசம் தெரியுதா?

கிளாஸ் ஏங்கற வகை ஆம்ப்னா இன்னும் மோசம். பாட்டே ஓடலைன்னாலும் முழுக் கரண்ட்டையும் இழுத்துட்டு இருக்கும். 200 வாட் இழுக்கற ஆம்ப்பை நாள் பூரா விட்டா கிட்டத்தட்ட அஞ்சு யூனிட். யாரும் கேக்காத அறைக்கு ஹீட்டர் போட்ட கணக்கு. வால்வு ஆம்ப்பும் அப்படித்தான், பவர் வால்வோட ஆயுசே சில ஆயிரம் மணி நேரம். நடுவுல அரை மணி நேரம் எழுந்து போனா மட்டும் அப்படியே விடுங்க. கிளாஸ் டிங்கற வகை ஆம்ப் அவ்வளவா சூடாகாது, ஸ்டாண்ட்பையில கிடக்கட்டும்.

சவுண்டு? சூடேறினா பயஸ், அதாவது பாட்டு ஓடாதப்பவும் உள்ள ஓடற அடிப்படைக் கரண்ட், நிலைப்படும், அதுக்கு அரை மணி நேரம் தாராளம். கேக்கறதுக்கு முன்னாடி போட்டுட்டு வேற வேலை பாருங்க.

இப்போ நீங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வி: எதை முதல்ல போடணும்? இதைத்தான் யாரும் கேக்க மாட்டேங்கறீங்க! பிளேயர், வால்யூம் வைக்கற ப்ரீஆம்ப் முதல்ல. ஸ்பீக்கரை ஓட்டற பவர் ஆம்ப் கடைசி. நிறுத்தறப்போ பவர் ஆம்ப் முதல்ல. மாத்திப் போட்டா ப்ரீஆம்ப் உயிர் வர்றப்போ விடற துடிப்பைப் பவர் ஆம்ப் பெருசாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். 'டம்'னு கேக்குதே, அதுதான். வால்யூமையும் குறைச்சுட்டுப் போடுங்க. ஆம்ப் தலைமேல பிளேயரை ஏத்தி வைக்காதீங்க, சூடு போக வழி வேணும்.

இடி மின்னல்னா சுவிட்சை நம்பவே நம்பாதீங்க. மின்னல் வேகத்துக்கு அந்தச் சின்ன இடைவெளி ஒரு பொருட்டே இல்லை. வானம் இருட்டறப்பவே ப்ளக்கைப் பிடுங்கிடுங்க, ஆன்டெனா ஒயர், நெட்வொர்க் ஒயர் இருந்தா அதையும். இடி தலைமேல வந்தப்புறம் ஒயரைத் தொடப் போகாதீங்க.

சரி, அடுத்த கேள்வி ஸ்பீக்கர் ஒயர் பத்தி.