தொட்டால் பாடும் பெட்டி

வணக்கம் நேயர்களே. கரையில் இருந்து கேட்பவர்களுக்கும், இந்நேரம் தென்கடலிலோ வடகடலிலோ வலையைப் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களுக்கும் வணக்கம்.

இன்று பேச எடுத்துக்கொண்டது உள்ளங்கை அளவுக் கருவி ஒன்று, தொடுதிரை மீடியா பிளேயர் என்பார்கள். முகப்பு முழுக்கக் கண்ணாடி. விரலால் தொட்டால் பாடும், படம் காட்டும். பார்த்தால் போன் மாதிரி இருக்கும், ஆனால் சிம் கிடையாது. யாரும் அதில் உங்களைக் கூப்பிட முடியாது. அதன் அழகே அங்கேதான் இருக்கிறது.

1979-இல் சோனியின் வாக்மேன் என்ற கையடக்கக் கேசட் பெட்டி வந்தபோது கேசட் பாட்டு இடுப்பில் ஏறியது. 2001-இல் ஆப்பிளின் ஐபாட் வந்தது. அதில் ஒரு சக்கரத்தைச் சுற்றிப் பாட்டைத் தேட வேண்டும். 2007 செப்டம்பரில் அந்தச் சக்கரமும் போய், மூன்றரை அங்குலத் திரையோடு, 120 கிராம் எடையில் ஐபாட் டச் வந்தது. 2022 மே மாதம் அதை நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள். ஆனால் கருவி செத்துவிடவில்லை. சோனி இன்றும் வாக்மேன் என்ற பெயரிலேயே தொடுதிரைக் கருவி விற்கிறது. அதெல்லாம் விலை அதிகம் என்றால், உங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பழைய ஸ்மார்ட்போன் கிடக்கும் பாருங்கள், அதை எடுங்கள். சிம்மைக் கழற்றுங்கள். ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். பாட்டையும் படத்தையும் தவிர மற்ற எல்லாவற்றையும் அழியுங்கள். அதே கருவிதான்.

கேசட்டில் ஒரு பாட்டைத் தேட ஓட்டி, நிறுத்தி, கேட்டு, மறுபடி ஓட்ட வேண்டும். பட்டன் வைத்த சின்ன எம்பி3 பெட்டியில் நாற்பதாவது பாட்டுக்கு நாற்பது அழுத்து. தொடுதிரையில் பட்டியலை மேலே தள்ளினால் ஓடுகிறது, வேகம் குறைகிறது, விரல் வைத்த இடத்தில் நிற்கிறது. கடைசி வரி வந்ததும், கரையேறிய அலை திரும்புகிற மாதிரி, கொஞ்சம் மேலே போய்த் திரும்பி வந்து உட்காருகிறது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட அட்டைப் படத்தைப் பார்த்துத் தன் பாட்டைத் தொட்டுவிடலாம். அதோடு, கரையை விட்டுத் தள்ளிப் போனால் டவர் போய்விடும். நெட்டில் பாடும் ஆப்பில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பெட்டிக்குள் ஏற்றி வைத்த பாட்டுக்கு டவர் தேவையில்லை.

எவ்வளவு ஏற்றலாம்? கணக்கு சுலபம். 128 கேபிபிஎஸ் (ஒரு நொடிப் பாட்டுக்கு எத்தனை கிலோபிட் என்ற அளவு) தரத்தில் ஒரு நிமிடப் பாட்டு ஏறக்குறைய ஒரு எம்பி. ஐந்து நிமிடப் பாட்டு ஐந்து எம்பி. ஆயிரம் பாட்டுக்கு ஐந்து ஜிபி. 320 கேபிபிஎஸ் என்றால் அது போல் இரண்டரை மடங்கு இடம் பிடிக்கும். எஞ்சின் ஓடுகிற படகில் இரண்டுக்கும் வித்தியாசம் காதுக்குத் தெரியாது. கடலுக்கு என்றால் 128 போதும், இடம் மிச்சம்.

இப்போது விரலுக்கு வருவோம். இதுதான் முக்கியம், கொஞ்சம் நின்று பேசுகிறேன். இந்தத் திரை அழுத்தத்தை உணர்வதில்லை. கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மின்கம்பிப் பின்னல், நம் வலைக்கண் மாதிரி, விரிந்திருக்கிறது. விரலில் நீரும் உப்பும் இருப்பதால் அது கிட்டே வரும்போது அந்த இடத்து மின்னூட்டம் துளி மாறுகிறது. எந்தக் கண்ணில் மாறியது என்று உள்ளே இருக்கும் சிப் கணக்கிடுகிறது. யோசனை பழையது. 1965-இலேயே இங்கிலாந்தின் மால்வர்ன் நகர ரேடார் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த எரிக் ஜான்சன், விமானப் போக்குவரத்தைக் கவனிப்பவர்களுக்காக இதை எழுதி வைத்தார்.

ஆக, திரை தேடுவது உப்பும் நீரும். நம் கரையில் அது இரண்டும்தானே எங்கும்! கடல்நீர்த் துளி திரையில் பட்டால் அதையும் விரல் என்றே நினைக்கிறது. பாட்டு தானாக மாறும், சத்தம் தானாக ஏறும். பேய் பிடிக்கவில்லை. துடைத்தால் சரியாகிவிடும்.

இதற்கு நேர் எதிரான தொல்லையும் உண்டு. வலை இழுத்து, கயிறு இழுத்துக் காய்ப்பேறிய கை. அந்தத் தோல் தடித்து உலர்ந்து இருக்கும். விரல் நுனியால் தொட்டால், விரல் வந்ததே திரைக்குத் தெரியாது. மெஷின் ரிப்பேர் என்று கடைக்குக் கொண்டுபோய்க் காசு கொடுக்கிறார்கள். கொடுக்காதீர்கள். விரலின் பக்கவாட்டில், காய்ப்பில்லாத சதையால் தொடுங்கள். அல்லது நல்ல தண்ணீரில் விரலை நனைத்து, துடைத்துவிட்டு, உடனே தொடுங்கள். மேலே தடித்த ஸ்க்ரீன் கார்டு ஒட்டியிருந்தால் அதை எடுத்துவிட்டும் பாருங்கள்.

துடைப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. கச்சான் காற்றுக் காலத்தில் திரையில் மணல் படிந்திருக்கும். மணல் கண்ணாடியைவிடக் கடினமானது. லுங்கி முனையால் ஒரு இழுப்பு இழுத்தால் கீறல்தான். முதலில் ஊதுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி. கடைசியில் காய்ந்த துணி. ஊது, ஈரத்துணி, காய்ந்த துணி. நடுவில் உள்ளதை விட்டுவிட்டு வெறும் காய்ந்த துணியால் துடைத்தால் உப்பு அப்படியே இருக்கும். சாயந்திரக் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து மறுபடி பிசுபிசுக்கும்.

படகில் வைப்பதற்குத் தடுப்பு பெரிய செலவில்லை. வாயை அழுத்தி மூடுகிற பாலிதீன் பை போதும். மெல்லிய பிளாஸ்டிக்கின் மேலேயே திரை விரலை உணரும். செருப்புப் பெட்டியில் வருகிற, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே போடுங்கள். ஐஸ் பெட்டி மேல் மட்டும் வைக்காதீர்கள். குளிர்ந்த கருவியை வெளியே எடுத்ததும் வியர்க்கும், உள்ளேயும் வியர்க்கும். வெயிலும் ஆகாது. ஆப்பிள் தன் கருவிகளுக்குச் சொல்கிற வரம்பு 35 டிகிரி. பாசி எடுக்கப் போகிற அக்காமார்கள் பையை மணலில் வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்குகிறீர்கள். பையைப் பனை நிழலில் வையுங்கள், நிழல் நகரும் பக்கமாகப் பார்த்து வையுங்கள்.

கடலில் விழுந்துவிட்டதா? எடுத்ததும் வேலை செய்கிறதா என்று ஆன் செய்து பார்க்காதீர்கள். ஓடிக்கொண்டிருந்தால் அணையுங்கள். நல்ல தண்ணீரில் வெளிப்புறத்தையும் துளைகளையும் ஒரு முறை அலசி, உதறி, துளைகள் கீழே பார்க்கும்படி நிழல் காற்றில் இரண்டு நாள் வையுங்கள். அரிசிக்குள் புதைப்பதால் பயனில்லை. தவிட்டுத் தூசிதான் உள்ளே போகும். ஈரத்தோடு சார்ஜ் போடவே கூடாது. உப்புநீரில் மின்சாரம் ஓடினால் செம்பு முனைகளை ஒரே இரவில் அரித்துப் பச்சை பூக்க வைத்துவிடும். பிழைக்குமா என்றால், சில பிழைக்கும்.

இயர்போன் விஷயம் ஒன்று. பாட்டில் இசை நன்றாகக் கேட்கிறது, பாடுகிறவர் குரல் மட்டும் கிணற்றுக்குள் இருந்து வருகிறது. பாட்டு ஃபைல் கெட்டுவிட்டது என்று அழித்துவிடுகிறார்கள். அழிக்காதீர்கள்! பாடுகிறவர் குரல் வலது, இடது இரண்டு பக்கமும் சரிசமமாகப் பதிந்திருக்கும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான எர்த் முனை சரியாகப் படாவிட்டால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் காதுக்கு வரும். சமமாக இருக்கும் குரல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். காரணம், துளைக்குள் பஞ்சோ மணலோ சேர்ந்து, இயர்போனின் பின் (சொருகும் முனை) முழுதும் இறங்கவில்லை, அல்லது பின்னில் உப்பு பூத்திருக்கிறது. பல்குச்சியால் துளையின் ஓரத்தைச் சுரண்டாமல் அழுக்கை மெதுவாக எடுங்கள். பின்னை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, சொருகிப் பத்து முறை சுற்றுங்கள். குரல் திரும்பி வரும். எண்ணெய் விடவே வேண்டாம், மணலை அதுதான் பிடித்து ஒட்டும்.

பேட்டரி. முதல் ஐபாட் டச்சுக்குப் பாட்டு மட்டும் என்றால் 22 மணி நேரம், படம் பார்த்தால் 5 மணி நேரம் என்று ஆப்பிளே சொன்னது. வித்தியாசத்தில் பெரும்பகுதி திரை தின்றது. பாட்டை ஓடவிட்டுத் திரையை அணையுங்கள். படகின் 12 வோல்ட் பேட்டரியில் சார்ஜ் போடுவதானால், எஞ்சின் ஸ்டார்ட் ஆன பிறகு சொருகுங்கள். ஸ்டார்ட் ஆகும் நொடியில் மின்னழுத்தம் குதிக்கும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் கருவியைப் படகுப் பெட்டியில் போட்டு மறந்துவிடாதீர்கள். பாதி சார்ஜில் அணைத்து வீட்டில் வையுங்கள். காலியாக இரண்டு மாதம் கிடந்த பேட்டரி சிலநேரம் எழுந்திருக்காது.

காதுக்கும் ஒரு சொல். எஞ்சின் சத்தத்தை மீறிக் கேட்க எல்லோரும் சத்தத்தைக் கூட்டுவார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபல் என்றால் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரம் 4 மணி நேரம்தான். கடலில் ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள், வலை இழுக்கும்போது இரண்டையும் கழற்றுங்கள். இன்னொன்று: நீங்கள் ஏற்றியதை மட்டுமே அந்தப் பெட்டி பாடும். புயல் எச்சரிக்கையை அது சொல்லாது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை இழந்த கரை நம்முடையது. பக்கத்தில் வானொலி இருக்கட்டும்.

கண்ணாடிக்கு அப்பால் இருந்து நிலையத்தார் இரண்டு விரல் காட்டுகிறார். பழைய கேசட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வலை இழுக்கும்போது தாத்தாமார்கள் பாடிய அம்பாப் பாட்டும், ஒப்பாரியும், கல்யாண வீட்டுப் பதிவும் பல வீட்டில் கேசட்டாகக் கிடக்கின்றன. முதலில் ஒரு முறை முழுக்க முன்னாலும் பின்னாலும் ஓட்டி ஒட்டிய ரிப்பனைத் தளர்த்துங்கள். டேப்ரெக்கார்டரின் ஹெட்போன் துளையில் இருந்து கம்ப்யூட்டரின் லைன்-இன் துளைக்கு ஒரு வயர். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள். சி-60 கேசட் என்றால் ஒரு பக்கம் 30 நிமிடம். அவ்வளவு நேரம் ஓடவிட்டுப் பதியுங்கள். பதிவின் அளவுகோல் சிவப்பைத் தொட வேண்டாம், கரகரக்கும். முடிந்ததும் பாடியவர் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் யூனிகோட் தமிழில் எழுதிச் சேமியுங்கள். பழைய எழுத்துருவில் எழுதினால் திரையில் புரியாத ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரியும். சேமித்ததை ஒரு பிரதி மெமரி கார்டிலும் வைத்து, அந்தக் கார்டை வீட்டில் வையுங்கள், படகில் வேண்டாம். நேரம் முடிந்தது, வணக்கம்.