பச்சைப் புள்ளியும் ஒரு முள் கடிகாரமும்

வணக்கம் மக்களே. இன்றைக்குச் சாப்பாடு வீடியோவும் இல்லை, ஊர் சுற்றலும் இல்லை. ஒரு பழைய கதை, அதில் வில்லன் நான்தான். பின்னால் குக்கர் விசில் அடித்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

2020 மார்ச் 24 இரவு, 21 நாள் ஊரடங்கு என்று பிரதமர் டி.வி.யில் சொன்னார் இல்லையா, அப்போது நான் சென்னையில் ஒரு ஐ.டி. கம்பெனியில் டீம் லீட். எனக்குக் கீழே ஒன்பது பேர். பாதிப் பேர் அதற்கு முன்பே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சொந்த ஊருக்குக் கிளம்பியிருந்தார்கள். ஒருவருக்கு வீட்டுக்குள் சிக்னலே கிடையாது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்துதான் வேலை பார்த்தார்.

எங்கள் சாட்டில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி இருக்கும். சில நிமிடம் மவுஸ் அசையாவிட்டால் மஞ்சளாகிவிடும். ஆபீசில் எதிரே உட்கார்ந்திருந்த ஆட்கள் இல்லை, எனக்கு மிஞ்சியது அந்தப் புள்ளிதான். மஞ்சளைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. "இருக்கீங்களா?" என்று தட்டிவிடுவேன். காலை பத்து மணிக்கு ஒரு மீட்டிங், மாலை ஏழு மணிக்கு இன்னொன்று. இதெல்லாம் அக்கறை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

2021 மே, இரண்டாம் அலை. கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ரெம்டெசிவிர் என்ற கொரோனா மருந்தை வாங்க மக்கள் வரிசையில் காத்துக் கிடந்தது ஞாபகம் இருக்கும். என் டீமில் ஒரு பையன் அப்பாவுக்காக அந்த வரிசையில் இரண்டு நாள் நின்றிருக்கிறார். அந்த இரண்டு நாளும் அவர் புள்ளி பச்சை! எப்படி? முள் உள்ள கைக்கடிகாரம் ஒன்றை மேசையில் வைத்து, மவுஸை அதன் மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். விநாடி முள் ஓட ஓட, மவுஸ் தன்னை யாரோ நகர்த்துவதாக நினைத்துக்கொள்ளும். மெசேஜ் வந்தால் செல்போனில் பதில்.

அப்பா பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகுதான் என்னிடம் சொன்னார். "லீவு கேட்டிருக்கலாமே தம்பி" என்றேன். "அப்ரைசல்ல இடிக்கும்னு பயமா இருந்துச்சுண்ணா" என்றார். வேலை மதிப்பீட்டில் அடி விழும் என்ற பயம். எனக்குப் பேச்சு வரவில்லை.

அதே மாதம் வெள்ளிக்கிழமை தோறும் ஹெச்.ஆர். மனநல வெபினார் நடத்தினார்கள். மூச்சை இழுத்து விடச் சொல்வார்கள். நாங்கள் வீடியோவை அணைத்துவிட்டுப் பாக்கி வேலையை முடித்துக்கொண்டிருப்போம். ஏழு மணி மீட்டிங் தலைமேல் நிற்கும்போது மூச்சு எங்கே நிதானமாக வரும்?

கொரோனாவின் முதல் வருடத்தில் உலக அளவில் மனப்பதற்றமும் மனச்சோர்வும் 25 சதவீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்னது. அதே வருடம் செப்டம்பரில் வேலையிட மனநலத்துக்கு வழிகாட்டுதல்கள் வெளியிட்டார்கள். மேனேஜர்களுக்குப் பயிற்சி கொடுங்கள் என்று முதல் தடவையாக அதில் சொல்லியிருந்தார்கள். படித்தபோது சுருக்கென்றது. என்னைத்தானே சொல்கிறார்கள்!

சரி, 2021-இல் அந்தக் கடிகாரக் கதையைக் கேட்டதும் என்ன மாற்றினேன்? முதலில் அந்த ஏழு மணி மீட்டிங்கைத் தூக்கினேன். லீவுக்குக் காரணம் கேட்பதை விட்டேன். ஒரு புதன்கிழமை, "மனசு சரியில்லை, இன்று லீவு" என்று நானே குரூப்பில் போட்டேன். அனுப்பும்போது விரல் நடுங்கியது, பொய் சொல்லவில்லை. அடுத்த மாதம் இரண்டு பேர் அதே மாதிரி போட்டார்கள்.

அப்புறம் வாரம் ஒரு தடவை ஒவ்வொருவருக்கும் போன். வீடியோ கிடையாது, வேலைப் பேச்சும் கிடையாது. முதல் இரண்டு வாரம் எல்லோரிடமும் ஒரே பதில்: "நல்லா இருக்கேன்." மூன்றாவது வாரம் மொட்டை மாடிக்காரர் பேச ஆரம்பித்தார், நாற்பது நிமிடம். மாதக்கணக்கில் தூக்கம் இல்லையாம். நான் டாக்டர் இல்லை. கேட்டுக்கொண்டேன், மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன், அதற்கான நேரத்தை வேலையில் ஒதுக்கிக் கொடுத்தேன். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 14416, அப்போது இல்லை, 2022 அக்டோபரில்தான் தொடங்கியது. இலவசம், தமிழிலேயே பேசலாம். இன்னொன்று, 2017 மனநலச் சட்டப்படி உடல் நோய்க்குப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும். உங்கள் பாலிசியை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.

அந்தப் பையன் இப்போது வேறு இடத்தில் டீம் லீட். இந்தக் கதையைச் சொல்லலாமா என்று நேற்று கேட்டேன். "தாராளமா சொல்லுங்கண்ணா. அந்த வாட்ச் எப்பவோ நின்னுபோச்சு, நான் பேட்டரி மாத்தவே இல்ல" என்றார்.

மூன்றாவது விசில். போய் அடுப்பை அணைக்கிறேன்.