காலுறை பின்னும் மீனவர்

வணக்கம். இன்று உங்களை நேராக ஒரு பழைய அமெரிக்கக் கதைப் புத்தகத்தில் வரும் கிழவரின் வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மெய்ன் மாநிலம் இருக்கிறது. அங்கே டன்னெட் லாண்டிங் என்று ஒரு கற்பனைக் கடலோரக் கிராமம். கிழவர் பெயர் எலைஜா டில்லி, காலமெல்லாம் கடலில் மீன் பிடித்தவர். கதை சொல்லும் பெண் அவர் வீட்டுக்குப் போகும்போது, நீல நூலில் காலுறை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கண் பின்னலில் இல்லை, கை தன் பாட்டுக்குப் பின்னுகிறது. சின்ன வயதில் அம்மா கற்றுக்கொடுத்த வேலை.

மனைவி இறந்து எட்டு வருடம். அவள் வைத்திருந்தபடியே வீட்டைத் துடைத்து, அடுக்கி, அப்படியே வைத்திருக்கிறார். பீங்கான் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக் காட்டுகிறார். கல்யாணமான புதிதில் வெளிநாட்டுத் துறைமுகத்தில் அவளுக்காக வாங்கியவை. "இத்தனை வருடத்தில் ஒன்றுகூட உடையவில்லை" என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். அவளுடைய இறுதிச் சடங்கின்போது, வந்தவர்களுக்குப் பரிமாற அக்கம்பக்கத்துப் பெண்கள் அலமாரியிலிருந்து கோப்பைகளை இறக்குகிறார்கள். மூலையில், உள்ளே தள்ளி, காகிதத்தில் சுற்றி ஒன்று கிடக்கிறது. உடைந்த கோப்பை. பார்த்த உடனே அவருக்குப் புரிந்துவிடுகிறது. ஒன்றும் உடையவில்லை என்று சொல்லியே பழகிவிட்டதால், தன் பெருமை அடிபட்டதைச் சொல்ல வார்த்தை வராமல் அவள் சொல்லாமலே இருந்துவிட்டாள். அங்கே நிற்க முடியாமல் வீட்டை விட்டு வெளியே போய்விடுகிறார் அந்த மனிதர். தங்களுக்குள் இருந்த ஒரே ரகசியம் அதுதான் என்கிறார்.

இதை எழுதியவர் சாரா ஓர்ன் ஜூவெட். புத்தகம் 'தி கன்ட்ரி ஆஃப் தி பாயின்டட் ஃபர்ஸ்', 1896இல் வந்தது. அந்தக் கால அமெரிக்க வட்டார இலக்கியத்தில் ஆண் தன்மை, பெண் தன்மை பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் துணிச்சலான பெண்களிடம்தான் முதலில் போகிறார்கள். எனக்கு டில்லியிடமிருந்து ஆரம்பிக்கத் தோன்றுகிறது. ஏனென்றால் காலுறை பின்னுகிற அவர் கடலோடியாகவும் இருக்கிறார். அவர் நிலத்தில் அங்கங்கே வெள்ளையும் மஞ்சளும் பூசிய கம்புகள் நடப்பட்டிருக்கும். மண்ணுக்கடியில் பாறை இருக்கும் இடங்கள் அவை, உழும்போது கலப்பை மோதிவிடக் கூடாதல்லவா. கடலில் மிதவை போடுகிற பழக்கத்தை வயலுக்குக் கொண்டுவந்துவிட்டார். அந்தக் கம்புகளை நட்ட அதே கைதான் காலுறையும் பின்னுகிறது.

அதே புத்தகத்தில் பிளாக்கெட் அம்மா என்று ஒரு பாட்டி, தீவில் மகன் வில்லியமோடு இருக்கிறார். வில்லியம் அறுபதை ஒட்டிய வயதிலும் கூச்சம் போகாதவர். மகள் கல்யாணமாகிப் போன பிறகு, மகனும் அவன்தான் மகளும் அவன்தான் என்று பாட்டி மனம் நிறைந்து சொல்கிறார். இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்து யோசித்தேன். நம் வீடுகளில் பெண்ணைப் பாராட்ட "ஆம்பளப் பிள்ளை மாதிரி குடும்பத்தைத் தாங்குறா" என்போம். மகனைப் பார்த்து "பொம்பளப் பிள்ளை மாதிரி" என்று யாராவது பாராட்டாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

சரி, ஆண் வேலை, பெண் வேலை என்ற கோடு அந்த ஊர்களில் ஏன் இப்படி அழிந்தது? கப்பல் தொழில் படுத்துவிட்டது. 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர். இளைஞர்கள் மேற்குப் பக்கமும் ஆலை நகரங்களுக்கும் போய்விட்டார்கள். ஊரில் தங்கியவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், விதவைகள், கல்யாணமாகாத பெண்கள். எந்த வேலைக்கு ஆள் இல்லையோ அதை இருக்கிறவர் செய்ய வேண்டியதுதான்.

ஜூவெட் 1849இல் மெய்னில் சவுத் பெர்விக் ஊரில் பிறந்தவர். அப்பா டாக்டர். நோயாளிகளைப் பார்க்க அவர் போகும்போது சிறுமி ஜூவெட்டும் வண்டியில் கூடவே போவார். 1884இல் வந்த 'எ கன்ட்ரி டாக்டர்' நாவலில் அந்த அனுபவம் தெரிகிறது. நாயகி நான் பிரின்ஸ் (நான் என்பது அவள் பெயர்) மருத்துவம் படிக்கிறாள். ஒருநாள் ஒருவருக்குத் தோள் மூட்டு நழுவிவிடுகிறது. இவள் குனிந்து வலது காலணியைக் கழற்றுகிறாள், அடிபட்ட தோளில் பாதத்தை ஊன்றுகிறாள், கையைப் பிடித்து ஒரே இழுப்பு. எலும்பு சத்தத்தோடு உள்ளே போய் உட்காருகிறது. பக்கத்தில் நிற்கிறான் அவளை விரும்பும் ஜார்ஜ். அவளைவிடப் பெரிய பலத்தைக் காட்டாவிட்டால் தன் ஆண்மையே போய்விடும் என்று அவனுக்குத் தோன்றுகிறது. அவளோ வலியில் இருக்கும் மனிதனை மட்டும்தான் பார்க்கிறாள். இவளை "ஆண் போன்றவள்" என்று வர்ணிப்பது எனக்குச் சம்மதமில்லை. ஆண் போல என்று அளப்பது ஜார்ஜின் பார்வை. அதை நாம் ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்?

ஜூவெட்டின் 'டாம்ஸ் ஹஸ்பண்ட்' சிறுகதையையும் சொல்லிவிடுகிறேன். மனைவி மேரி ஆலையை நடத்தப் போகிறாள், டாம் வீட்டைப் பார்த்துக்கொள்கிறான். முதலில் நன்றாகத்தான் போகிறது. அப்புறம் அவனுக்கு மூச்சு முட்டுகிறது. எத்தனை பெண்கள் இப்படி உணர்ந்திருப்பார்கள் என்று அப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது. வேலையை மாற்றிக்கொண்டார்களே தவிர, அடுப்படியில் இருப்பவரின் தனிமை அப்படியே இருக்கிறது. 1882இலேயே இதை எழுதியிருக்கிறார் என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

அதே காலத்து இன்னொரு அமெரிக்க எழுத்தாளர் மேரி வில்கின்ஸ் ஃப்ரீமன் பற்றித் தனி வீடியோ போட வேண்டும். 1890இல் அவர் எழுதிய கதையில் சாரா பென் என்ற பெண், நாற்பது வருடம் காத்திருந்தும் வீடு கட்டித்தராத கணவர் வெளியூர் போன நேரத்தில், அவர் மாடுகளுக்காகக் கட்டிய புதுக் கொட்டகைக்குக் குடித்தனத்தையே மாற்றிவிடுகிறாள். திரும்பி வந்த கணவர் கடைசியில் அழுகிறார். ஃப்ரீமன் அந்த அழுகையைக் கேலி செய்யாமல் எழுதியிருக்கிறார்.

டில்லியைச் சந்திக்க விரும்பினால், ஜூவெட் புத்தகத்தில் அந்த அத்தியாயத்தின் பெயர் 'அலாங் ஷோர்'. காப்புரிமைக் காலம் முடிந்த புத்தகம், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். வண்ணம் பூசிய கம்புகள் முதலில் வரும், கோப்பை பின்னால்தான் வரும். அதுவரை பொறுமையாகப் படியுங்கள்.