முத்துப்பேட்டை காடு செத்துக்கொண்டிருக்கிறதா? சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. நீடாமங்கலத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். "அண்ணே, போன மே மாதம் குடும்பத்தோடு முத்துப்பேட்டை லகூனுக்குப் போனோம். பிச்சாவரம் மாதிரி இருக்கும் என்று நினைத்தோம். மரமெல்லாம் குட்டையாக இருக்கிறது, நடுநடுவே வெறும் திடல், காய்ந்த கட்டைகள், பறவையும் அதிகம் இல்லை. காடு செத்துக்கொண்டிருக்கிறதா? பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மறுபடி போகலாமா?"

போகலாம்மா, கட்டாயம் போங்கள், ஆனால் மே மாதத்தில் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன். உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே மூணாறு தலைப்பு இருக்கிறதே, வெண்ணாறு அங்கேதான் பிரிகிறது, அதிலிருந்து கிளம்பும் கோரையாறும் பாமணியாறும் கடைசியில் வந்து சேரும் இடம் இந்த லகூன்தான், கடலை ஒட்டிய காயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேட்டூரை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். மூடிய பிறகு கடைமடைக்கு ஆற்றுத் தண்ணீர் வருவது நின்றுபோகும், வெயில் ஏற ஏற லகூன் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் தங்கும். ஆக, நீங்கள் மே மாதம் பார்த்தது அந்த இடத்தின் பட்டினிக் காலம். அதே இடத்தை ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு பார்த்தால் தண்ணீர் கிட்டத்தட்ட நல்ல தண்ணீர் மாதிரியே ஆகியிருக்கும்.

பிச்சாவரத்தோடு ஒப்பிட வேண்டாம் என்று சொல்வேன். அது கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் நடுவில் இருக்கிறது, குறுகலான வாய்க்கால்களின் ஓரம் சுரபுன்னை மரங்கள் வேரைக் கால் மாதிரி ஊன்றி நிற்கும், அதற்குள்ளே படகு போவது ஓர் அழகுதான். முத்துப்பேட்டையில் பெரும்பாலும் வெண்கண்டல், அதைத்தான் நாம் அலையாத்தி என்கிறோம். அதற்குத் தாங்கும் வேர் கிடையாது, சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டு மூச்சுவிடும் வேர்தான். படகில் போகும்போது ஆற்றின் இரண்டு பக்கமும் காடு வரும், அப்புறம் திடீரென்று காடு விலகி பெரிய நீர்ப்பரப்பு திறக்கும். அகலம் அவ்வளவு, ஆழமோ பல இடங்களில் இடுப்பளவுகூட இருக்காது. அலையும் பெரிதாக இருக்காது, ஏனென்றால் எதிரே இருப்பது பாக் நீரிணை, இலங்கை குறுக்கே நிற்கிறது. அலை இல்லாததால்தான் காவிரி கொண்டுவந்த மெல்லிய வண்டல் கடலுக்குப் போய்க் கரையாமல் இங்கேயே படிந்தது. மணலைக் கடல் கிழக்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. வேதாரண்யம் பக்கம் போனால் ஒரு மணல்மேடு, ஒரு பள்ளம், மறுபடி மேடு என்று வரும். ஒவ்வொரு மேடும் ஒரு காலத்தில் கடற்கரையாக இருந்தது! ஊரும் சாலையும் தோப்பும் அந்த மேடுகளின் மேல்தான் இருக்கின்றன. கடல் எப்படிப் படிப்படியாகப் பின்வாங்கியது என்று பஸ் ஜன்னலிலிருந்தே பார்க்கலாம், இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

இப்போது அந்த வெறும் திடல். அதற்கு வெயில் மட்டும் காரணம் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கி, சுதந்திரத்துக்குப் பிறகும் சில காலம் வரை, கூறு கூறாகப் பிரித்து விறகுக்காக மொட்டையடித்தார்கள். நிழல் போனதும் சேறு காய்ந்து அமுங்கிப் பள்ளமாகிவிட்டது, ஓதத்தில் ஏறிய தண்ணீர் வடிய வழியில்லாமல் அதிலேயே தேங்கி உப்பு ஏறிக்கொண்டே போனது, அதில் விதை விழுந்தாலும் முளைக்காது. இதைக் கண்டுபிடித்த பிறகு வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர் மக்களோடு சேர்ந்து மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் வந்துபோக வழி செய்தார்கள், வாய்க்கால் ஓரமெல்லாம் கன்று நட்டு அது காடாகவும் ஆனது. அப்புறம் 2018 நவம்பர் 16-ல் கஜா புயல். டெல்டாவில் தென்னை விழுந்த கதை எல்லோருக்கும் தெரியும், அதே இரவில் இந்தக் காடும் வாங்கிய அடி கொஞ்சநஞ்சம் இல்லை. நீங்கள் பார்த்த வெளுத்த கட்டைகளில் பல அப்போது செத்தவையாக இருக்கலாம். ஆகவே காடு செத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லமாட்டேன். அடிபட்ட காடு, ஆற்றுத் தண்ணீர் ஒழுங்காக வந்தால் எழுந்துகொள்ளும். கடலில் வீணாகக் கலக்கிறது என்று சொல்கிறார்களே, அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் இந்தக் காடும், இதை நம்பி மீன் பிடிக்கிற குடும்பங்களும் பிழைக்கின்றன. இதை நான் எங்கே போனாலும் சொல்லுவேன்.

போகும் முறை சொல்கிறேன். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்லது, புயல் எச்சரிக்கை இருந்தால் வேண்டாம். முத்துப்பேட்டையில் வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு ஜாம்புவானோடையிலிருந்து படகு, காலையிலேயே கிளம்புங்கள். உள்ளே மர நடைபாதை இருக்கிறது, அங்கே வேகமாக நடக்காதீர்கள், கொஞ்ச நேரம் அப்படியே நில்லுங்கள். சேற்றில் ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள சின்ன நண்டுகள் வளையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வரும், ஆள் அசைந்தால் ஒரே நொடியில் எல்லாம் மறையும். துடுப்பை ஊன்றிச் சேற்றில் தாவும் மீனும் அங்கேதான். வெயில் ஏறிய பிறகு அலையாத்தி இலையை விரலால் தடவிப் பாருங்கள், பொடி உப்பு ஒட்டும், வேர் உறிஞ்சிய உப்பை இலை வழியாக மரமே வெளியே தள்ளுகிறது. ஆனால் தெரியாத இலை எதையும் கிள்ள வேண்டாம், தில்லை மரமும் அங்கே உண்டு, அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கும்.

கூழைக்கடா, கொக்கு, நாரை எல்லாம் லகூனிலேயே பார்க்கலாம். நீர்நாயும் நரியும் உண்டு, கண்ணில் படுவது அதிர்ஷ்டம். பூநாரைக் கூட்டம் பார்க்க வேண்டுமென்றால் கோடியக்கரைக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள், அது 1967-லிருந்து சரணாலயம், வெளிமானும் அங்கே இருக்கிறது. 2002-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்த்தபோது கோடியக்கரையோடு முத்துப்பேட்டைக் காட்டையும் சேர்த்துத்தான் அறிவித்தார்கள்.

பிள்ளைகளைத் தாராளமாகக் கூட்டிப் போங்கள். தண்ணீர் ஆழம் இல்லை என்று சேற்றில் மட்டும் இறக்கிவிடாதீர்கள், கால் புதைந்தால் எடுப்பது கஷ்டம். படகில் உயிர்காப்பு உடுப்பு கொடுக்கச் சொல்லிக் கேட்டு வாங்கி மாட்டிவிடுங்கள். குடிதண்ணீர், தொப்பி, சாப்பாடு எல்லாம் முத்துப்பேட்டையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், உள்ளே கடை கிடையாது. நீர்மட்டம் குறைவாக இருந்தால் படகு முகத்துவாரம் வரை போகாது, அதைக் கிளம்பும் முன்பே படகுக்கார அண்ணனிடம் கேட்டுவிடுங்கள்.