மதத்தைக் கேட்டு வாக்களிக்கலாமா? ஒரு நேயரின் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். அமெரிக்க அரசமைப்புச் சட்டம் தரும் மதச் சுதந்திரத்தைப் பற்றிச் சென்ற பகுதியில் பேசியிருந்தேன். அதைப் பார்த்த நேயர் ஒருவர் எழுதி அனுப்பியிருக்கும் சந்தேகத்தை முதலில் வாசித்துவிடுகிறேன். "2023 டிசம்பரில் அயோவாவில் நடந்த தொலைக்காட்சிக் கூட்டத்தில், விவேக் ராமசாமியைப் பார்த்து ஒரு வாக்காளர், உங்கள் மதம் இந்த நாட்டை நிறுவியவர்களின் மதம் அல்ல என்பதால் நீங்கள் அதிபராக முடியாது என்று சிலர் சொல்கிறார்களே என்று கேட்டதைப் பார்த்தேன். பதவிக்கு மதம் தகுதி அல்ல என்று சட்டமே சொல்லும் நாட்டில் இப்படிக் கேட்கலாமா? அதே சமயம், தான் ஏற்காத மதத்தைச் சேர்ந்தவருக்கு வாக்களிக்க மறுக்கும் உரிமை வாக்காளருக்கு இல்லையா?"

அப்போது குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்றுகொண்டிருந்த விவேக் ராமசாமி ஓர் இந்து. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தின் பிள்ளை ஒருவரைப் பார்த்துக் கேட்கப்பட்டது என்பதால் நம்மில் பலருக்கு அந்தக் காட்சி உறுத்தியிருக்கும். ஆனால் இந்தக் கேள்வி அவருக்காகப் புதிதாக உண்டாக்கப்பட்டதல்ல. அமெரிக்க அரசமைப்புச் சட்டத்துக்கு என்ன வயதோ, ஏறக்குறைய அதே வயது இந்தக் கேள்விக்கும் உண்டு.

1787-இல் எழுதப்பட்ட அந்தச் சட்டத்தின் ஆறாம் பிரிவு, கூட்டரசின் கீழுள்ள எந்தப் பதவிக்கும் மதத் தேர்வு ஒருபோதும் தகுதியாகக் கோரப்படக் கூடாது என்கிறது. மதச் சுதந்திரம் என்றதும் நாம் முதலில் சொல்லும் முதலாம் திருத்தம் 1791-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே, மூலச் சட்டத்திலேயே இந்த வாசகம் இடம்பெற்றுவிட்டது. அடுத்த ஆண்டு ஜூலையில் வட கரோலினா மாநிலத்தின் ஹில்ஸ்பரோ நகரில் இச்சட்டத்தை ஏற்பதா வேண்டாமா என்று பேராளர்கள் கூடி விவாதித்தபோது, இப்படி எழுதிவைத்தால் பல தெய்வங்களை வணங்குவோரும் முகமதியரும் நாளை பதவிக்கு வந்துவிடுவார்களே என்ற அச்சம் அவையிலேயே எழுந்தது. பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான ஜேம்ஸ் ஐரிடெல் அதற்கு எழுந்து, நாமே இவ்வளவு ஆர்வத்தோடு கோருகிற மதச் சுதந்திரம் என்ற கொள்கையைப் பறிக்காமல் எந்த ஒரு கூட்டத்தாரையும் எப்படி விலக்கி வைக்க முடியும் என்று திருப்பிக் கேட்டார். அயோவா வாக்காளரின் கேள்வி அந்த அவையில் அன்றே கேட்கப்பட்டுவிட்டது. பதிலும் அன்றே சொல்லப்பட்டுவிட்டது.

அப்படியிருந்தும் கேள்வி ஏன் ஓயவில்லை என்பதற்கு ஒரு சட்டக் காரணம் உண்டு. ஆறாம் பிரிவு அரசின் கையைத்தான் கட்டுகிறது, வாக்காளரின் மனத்தை அது தொடுவதில்லை. அரசின் கையைக்கூட அது முதலில் முழுமையாகக் கட்டிவிடவில்லை. கூட்டரசின் பதவிகளுக்கு மதத் தேர்வு கிடையாது என்றானபோதும், மாநிலங்கள் தங்கள் பதவிகளுக்கு அதை விடாமல் வைத்திருந்தன. மேரிலாந்தில் பொதுப் பதவி ஏற்பவர் கிறிஸ்தவ மதத்தில் தமக்கு நம்பிக்கை உண்டு என்று அறிவித்தாக வேண்டியிருந்தது. ஆகவே அங்கு ஒரு யூதர் நகர மன்ற உறுப்பினராகக்கூட ஆக முடியவில்லை.

இதை மாற்றப் போராடியவரைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். தாமஸ் கென்னடி என்ற அவர் ஸ்காட்லாந்தில் பிறந்தவர், கிறிஸ்தவர், வாஷிங்டன் கவுண்டியிலிருந்து மேரிலாந்து சட்ட மன்றத்துக்குத் தேர்வானவர். மேரிலாந்தில் யூதர் மிகச் சிலரே என்பதை அவர் மறைக்கவில்லை. ஒரே ஒருவர்தான் இருக்கிறார் என்றாலும் அந்த ஒருவருக்கு நாம் நீதி செய்தாக வேண்டும் என்று மன்றத்தில் பேசினார். யூதருக்கான அந்தத் தடையை நீக்கும் மசோதாவோடு 1818-இலிருந்தே அவர் மன்றாடினார். 1823 தேர்தலில் அவரை எதிர்த்தவர் தம் பக்கத்தைக் "கிறிஸ்தவர் அணி" என்று அழைத்துக்கொண்டு வாக்குக் கேட்டார்; கென்னடி தோற்றார். யூதரல்லாத ஒருவர், யூதருக்காகப் பேசியதால் மட்டுமே மதத்தின் பெயரால் வீழ்த்தப்பட்டார் என்பதைக் கவனியுங்கள். ஆனாலும் அவர் மீண்டும் நின்று, வென்று, மன்றத்துக்குத் திரும்பினார். 1826-இல் சட்டம் உறுதியானது. அதே ஆண்டில் பால்டிமோர் நகர மன்றத்துக்கு இரண்டு யூதர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்.

அப்போதும் கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கு மேரிலாந்தில் கதவு திறக்கவில்லை. ஆவணச் சான்றளிக்கும் நோட்டரி பதவியைப் பெறக் கடவுள் உண்டு என்று அறிவிக்க மாட்டேன் என்ற ராய் டோர்காசோவின் வழக்கில், 1961-இல்தான் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்த நிபந்தனையை நீக்கியது.

இனி சட்டம் எட்டாத இடத்துக்கு வருவோம். 1928-இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்ற ஆல் ஸ்மித், நான்கு முறை நியூயார்க் ஆளுநராகத் தேர்வானவர். பெரிய கட்சி ஒன்று அந்தப் போட்டிக்கு நிறுத்திய முதல் கத்தோலிக்கர். அதற்கு முந்தைய ஆண்டில் ஹட்சன் ஆற்றின் அடியே ஹாலந்து சுரங்கப்பாதை திறக்கப்பட்டிருந்தது. அந்தச் சுரங்கத்தின் வாயிலில் ஸ்மித் நிற்கும் படத்தைக் காட்டி, இது அட்லாண்டிக் கடலுக்கு அடியில் வத்திக்கான் வரை போகிறது, இவர் வென்றால் போப்பாண்டவர் இதன் வழியாக வந்து இறங்கிவிடுவார் என்று ஊர் ஊராகப் பரப்பினார்கள். அவர் ரயில் ஓக்லஹோமாவுக்குள் நுழைந்தபோது பாதையோரம் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு கொளுத்திய சிலுவைகள் எரிந்துகொண்டிருந்தன. ஸ்மித் படுதோல்வி அடைந்தார். மதம் ஒன்றே அதற்குக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். நாடு செழிப்பாக இருந்ததால் ஆளுங்கட்சிக்கு ஆதரவு இருந்தது, மதுவிலக்கை அவர் எதிர்த்ததும் பலருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஒருவர் செய்த ஆட்சி அத்தனையும் கண்முன் இருக்கும்போது, அதை விட்டுவிட்டு அவர் ஞாயிற்றுக்கிழமை எந்தக் கோயிலுக்குப் போகிறார் என்பதை வைத்து அவருடைய நாட்டுப்பற்றை அளக்கிற மனநிலையை அந்தச் சுரங்கக் கதையைப் போல வேறெதுவும் காட்டவில்லை.

முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து ஜான் கென்னடிக்கும் அதே சோதனை வந்தது. 1960 செப்டம்பர் 12 அன்று டெக்சாஸின் ஹூஸ்டனில், புராட்டஸ்டண்ட் போதகர்கள் சில நூறு பேர் அமர்ந்திருந்த ஓட்டல் அரங்கில், அவர் தனியாக நின்று பேசினார். தாம் கத்தோலிக்க வேட்பாளர் அல்லர் என்றும், கத்தோலிக்கராகவும் இருக்கிற ஜனநாயகக் கட்சி வேட்பாளர், அவ்வளவுதான் என்றும் சொன்னார். இரண்டாம் உலகப் போரில் தாம் பசிபிக்கில் போரிட்டதையும், தம் அண்ணன் ஐரோப்பாவில் உயிர் விட்டதையும் நினைவூட்டி, அப்போது எவரும் எங்கள் விசுவாசம் இரண்டுபட்டது என்று சொல்லவில்லையே என்று கேட்டார். ஞானஸ்நானம் பெற்ற நாளிலேயே நாலு கோடி அமெரிக்கர்கள் அதிபராகும் வாய்ப்பை இழந்துவிடுகிறார்கள் என்றால் நட்டம் நாட்டுக்கே என்றார். பேச்சு முடிந்த பிறகு போதகர்களின் கேள்விகளுக்கும் நின்று பதில் சொன்னார். நவம்பரில், 6 கோடியே 80 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் பதிவான தேர்தலில், ஒரு லட்சத்துச் சொச்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

அந்த உரையைப் பலரும் வெற்றியாகக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது. எதிர்த்து நின்ற நிக்சன், குவேக்கர் என்ற சிறிய கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தவர். அவரை எந்த அரங்கிலும் நிறுத்தி, உங்கள் சபையா நாடா என்று எவரும் இப்படி விளக்கம் கேட்கவில்லை. அண்ணனைப் போரில் பறிகொடுத்த கென்னடியோ, அந்தச் சாவையே சாட்சியாக எடுத்து வைத்துத் தம் பற்றை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது.

அமெரிக்காவிலேயே தோன்றிய மார்மன் சபையினர் பட்டதும் இதுவே. யூட்டாவிலிருந்து 1903-இல் செனட்டுக்குத் தேர்வான ரீட் ஸ்மூட் அச்சபையின் அப்போஸ்தலர்களில் ஒருவர். அவருக்கு ஒரே மனைவி. ஆனாலும் சபையின் பழைய பலதார வழக்கத்தையும், சபைத் தலைமைக்கு அவர் எவ்வளவு கட்டுப்பட்டவர் என்பதையும் கிளறி, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் செனட் குழு விசாரணை நடத்தியது. 1907-இல்தான் அவருடைய இடம் உறுதியானது. நூறு ஆண்டுகள் கழித்து, 2007 டிசம்பர் 6 அன்று, குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்ற மார்மன் சபையினர் மிட் ராம்னியும் டெக்சாஸுக்குப் போய் ஓர் உரை நிகழ்த்த வேண்டியிருந்தது. தம் சபையின் கோட்பாடுகளை விளக்கத் தொடங்கினால் நாட்டை நிறுவியவர்கள் தடுத்த அதே மதத் தேர்வுக்கு வழிவிட்டதாகும் என்று அவர் சொன்னது மிகச் சரியான நிலைப்பாடு. ஆனால் அதே உரையில் சுதந்திரத்துக்கு மதம் தேவை என்றும் சொன்னபோது, மதமே இல்லாதவரை அவர் வெளியே நிறுத்திவிட்டார். தமக்குக் கேட்ட நியாயத்தை அடுத்தவருக்கும் சேர்த்துக் கேட்டிருக்கலாம் என்பது என் வருத்தம்.

நேயரின் இரண்டாவது சந்தேகத்துக்கு வருகிறேன். வாக்காளருக்கு மறுக்கும் உரிமை உண்டு. வாக்குச் சாவடியில் எவரும் காரணம் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. ஒரு வேட்பாளர் தம் மதத்தின் கட்டளையை எல்லோருக்குமான சட்டமாக்குவேன் என்று சொன்னால், அதைப் பற்றிக் கேட்பதும் அதற்காக அவரைத் தோற்கடிப்பதும் வாக்காளரின் கடமையே. அவர் எந்த மதத்தவராக இருந்தாலும் இது பொருந்தும். கேள்வி எப்போது தப்பெண்ணமாகிறது என்றால், பெரும்பான்மை மதத்தவரிடம் கேட்காததை இவரிடம் மட்டும் கேட்கும்போதும், இவர் என்ன பதில் சொன்னாலும் அதிலிருந்து இன்னொரு சந்தேகம் கிளப்பப்படும்போதும்தான். பக்தராக இருந்தால் சபைக்கு அடிமை என்பார்கள். பக்தியை வெளியே காட்டாவிட்டால் எதையோ மறைக்கிறார் என்பார்கள்.

விவேக் ராமசாமி அயோவாவில் சொன்ன பதிலையும் இந்த அளவுகோலால்தான் பார்க்கிறேன். அவருடைய அரசியலோடு எனக்கு இங்கே வேலை இல்லை. வாக்குக்காக மதம் மாறினால் அது நேர்மை ஆகாது என்றும், கிறிஸ்தவத்தைப் பரப்புவதற்குத் தாம் சிறந்த அதிபர் அல்லர், ஆனால் அது அதிபரின் வேலையும் அல்ல என்றும் அவர் சொன்னார். கேள்விக்கு உரிய பதில் அதுவே. அதோடு, தம் மதமும் கிறிஸ்தவமும் ஒரே விழுமியங்களைப் பகிர்ந்துகொள்கின்றன என்று எடுத்துச் சொல்ல வேண்டிய நெருக்கடியும் அவருக்கு இருந்தது. அந்த இடம்தான் எனக்கு உறுத்துகிறது. உங்களை ஒத்திருக்கிறேன், அதனால் என்னை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்ல வைப்பது மதச் சுதந்திரம் ஆகாது; ஒவ்வாத மதத்தவருக்கும் அதே உரிமை இருக்க வேண்டும் அல்லவா?

நாட்டை நிறுவியவர்கள் என்ற பேச்சு வந்ததால் ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்கிறேன். 2006-இல் மினசோட்டாவிலிருந்து கீத் எலிசன் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்குத் தேர்வான முதல் முஸ்லிமானபோது, குர்ஆனின் மேல் கை வைத்து அவர் உறுதிமொழி எடுக்கக் கூடாது என்று பெரும் கூச்சல் எழுந்தது. உண்மையில் பிரதிநிதிகள் அவையில் உறுப்பினர்கள் எல்லோரும் ஒன்றாகக் கை உயர்த்தி எடுப்பதுதான் உறுதிமொழி. அதற்குப் புத்தகமே தேவையில்லை. புத்தகம் வருவது பிறகு எடுக்கும் புகைப்படத்துக்குத்தான். 2007 ஜனவரியில் அந்தப் புகைப்படத்துக்காக எலிசன் காங்கிரஸ் நூலகத்திலிருந்து வரவழைத்தது, நாட்டை நிறுவியவர்களில் ஒருவரான தாமஸ் ஜெஃபர்சன் வைத்திருந்த குர்ஆன். இரண்டு தொகுதிகள், 1764-இல் லண்டனில் அச்சானது, சட்டம் பயிலும் இளைஞராக அடுத்த ஆண்டே அவர் வாங்கியது. அவருடைய நூல்களில் பெரும்பகுதியை அழித்த 1851 தீ விபத்தில் தப்பியது. அன்று எலிசனைக் கண்டித்துக் கடிதம் எழுதிய உறுப்பினரின் தொகுதிக்குள்தான் ஜெஃபர்சன் பிறந்த ஊரும் இருந்தது.

ஜெஃபர்சன் அடிமைகளை வைத்திருந்தவர் என்பதை மறந்துவிட்டு நான் பேசவில்லை. ஆனால் வர்ஜீனியாவின் 1786 மதச் சுதந்திரச் சட்டத்தை எழுதியவர் அவர். அந்தச் சட்டத்தில் இயேசு கிறிஸ்துவின் பெயரைச் சேர்க்கச் சிலர் முயன்றதையும், மன்றம் பெரும்பான்மையாக அதை மறுத்ததையும் 1821-இல் எழுதிய தன்வரலாற்றில் அவர் குறிப்பிடுகிறார். சட்டத்தின் காப்பு யாருக்கெல்லாம் உண்டு என்று அங்கே அவர் எண்ணிச் சொல்லும்போது, யூதரையும் கிறிஸ்தவரையும் முகமதியரையும் நம்பிக்கை அற்றவரையும் சேர்ப்பதோடு, இந்து என்ற சொல்லையும் தம் கையாலேயே எழுதியிருக்கிறார்.