திருவிழா முடிந்தது, என்ன மாறியது? அளந்து பார்க்கும் வழி

[காட்சி: ஸ்டால்கள் கழற்றப்படும் மைதானம்]

தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்திய சுற்றுச்சூழல் திருவிழா. நல்ல கூட்டம். அடுத்த வருடத்துக்கு நிதி கேட்டுப் போனால் முதலில் வரும் கேள்வி: "இதனால் என்ன மாறியது?" விழா முடிந்த பிறகு இதற்குப் பதில் தேடினால் கிடைக்காது. ஒரு மாதம் முன்பே மூன்று கேள்விகளை முடிவு செய்துவிடுங்கள்: எத்தனை பேர் வந்தார்கள்? விழாவே எவ்வளவு குப்பை போட்டது? வந்தவர்களில் எத்தனை பேர் வீட்டில் எதையாவது மாற்றினார்கள்? சிறிய குழு இதற்கு மேல் அளக்கப் போனால் எதுவுமே உருப்படியாக வராது.

[காட்சி: நுழைவாயில், கையில் கிளிக்கர்]

ஒவ்வொரு அரை மணி நேரத்திலும் 10 நிமிடம் மட்டும், உள்ளே வருபவர்களை எண்ணுங்கள். அதை 3ஆல் பெருக்குங்கள். நாள் முழுக்க ஒரே ஆள் எண்ணினால் மதியத்துக்குமேல் கவனம் சிதறும். தொடக்க நிகழ்ச்சி நேரத்தில் கூட்டம் மொத்தமாக வந்து சேரும். அப்போது மட்டும் விடாமல் எண்ண வேண்டும்.

இப்படிக் கிடைப்பது நுழைவுகளின் எண்ணிக்கைதான், ஆட்களின் எண்ணிக்கை அல்ல. வெளியே போகிறவர்களிடம் "இன்று எத்தனை முறை உள்ளே வந்தீர்கள்?" என்று கேளுங்கள். சராசரி 1.25 என்றால், 1000 நுழைவு என்பது 800 பேர்.

[காட்சி: தொங்கு தராசில் குப்பைப் பை]

அடுத்தது குப்பை. மக்கும் குப்பை, மறுசுழற்சிக்குப் போவது, மிச்சம் என்று மூன்றாகப் பிரித்து எடை போடுங்கள். காலித் தொட்டியின் எடையை முதலிலேயே அதன்மேல் எழுதிவைத்துக் கழித்துவிட வேண்டும். உதாரணத்துக்கு மக்கும் குப்பை 42 கிலோ, மறுசுழற்சி 28, மிச்சம் 30 என்றால் மொத்தம் 100 கிலோ. அதில் 70 சதவீதம் குப்பைமேட்டுக்குப் போகாமல் தப்பியது. 800 பேருக்கு வகுத்தால் ஆளுக்கு 125 கிராம். சதவீதத்தைவிட இந்த 125தான் எங்களுக்கு முக்கியம். குப்பையே குறைந்திருக்கிறதா என்பதை அதுதான் காட்டும்.

பலரும் தவறுவது இங்கேதான்: தொட்டியில் ஒட்டிய பெயரை நம்பி எடை போடுகிறார்கள். மக்கும் குப்பைத் தொட்டிக்குள் பிளாஸ்டிக் மூடி கிடக்கும். ஒவ்வொரு வகையிலும் சில பைகளையாவது விரிப்பில் கொட்டி, கையுறை போட்டுப் பிரித்து, மாறிக் கிடப்பதைத் தனியாக நிறுத்துப் பாருங்கள். எடை போடும் முன்பே பைகளை வண்டி ஏற்றிக்கொண்டு போய்விடுவதும் உண்டு. இரண்டு பேருக்கு அன்று இந்த வேலையைத் தவிர வேறெதுவும் கொடுக்காதீர்கள்.

[காட்சி: வெளிவாசலில் கேள்வித்தாளுடன் இருவர்]

மூன்றாவதுதான் கடினம். "இனிமேல் வீட்டில் உரம் தயாரிப்பீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். கேட்பவர் மனம் நோகக்கூடாது என்பதற்காகவே பாதிப் பேர் சொல்வார்கள். நடந்ததைக் கேளுங்கள்: "போன வாரம் உங்கள் சமையலறைக் கழிவை என்ன செய்தீர்கள்?"

சிரித்த முகத்தோடு வருபவர்களாகத் தேடிப் பிடிக்காமல், வெளியே வரும் ஒவ்வொரு பத்தாவது ஆளிடமும் கேளுங்கள். இந்த முறையில் 100 பேரிடம் கேட்டால் கிடைக்கும் சதவீதம் உண்மையிலிருந்து ஏறக்குறைய 10 புள்ளி முன்பின் இருக்கலாம். அதை 5 ஆகக் குறைக்க 400 பேர் வேண்டும். 60 சதவீதம், 64 சதவீதம் என்று இரண்டு வருடங்களை ஒப்பிட்டு முன்னேற்றம் என்று சொல்ல 100 பேர் போதாது.

மக்கள் புதிதாகத் தெரிந்துகொண்டார்களா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரே கேள்வியை உள்ளே நுழைகிறவர்களில் சிலரிடமும், வெளியே வருகிறவர்களில் வேறு சிலரிடமும் கேளுங்கள். இரு தரப்பும் ஆர்வத்தோடு வந்தவர்களே. அதனால் பதில்களில் தெரியும் வித்தியாசத்தில் பெரும்பங்கு விழாவுடையது.

சம்மதித்தவர்களின் தொலைபேசி எண்ணை வாங்கி, மூன்று மாதம் கழித்து சமையலறைக் கேள்வியைத் திரும்பக் கேளுங்கள். எண் கொடுத்த 100 பேரில் 40 பேர் பதில் சொல்லி, அதில் 18 பேர் புதிதாக உரம் தயாரிக்கத் தொடங்கியிருந்தால், 45 சதவீதம் என்று அறிவிக்காதீர்கள். பதில் சொல்ல முன்வருபவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ஈடுபாடு உள்ளவர்கள். "100 பேரில் குறைந்தது 18 பேர்" என்றுதான் எழுத வேண்டும். விழாவுக்கு முன்பே உரம் தயாரித்துக்கொண்டிருந்தவர்களை இந்த 18இல் சேர்க்கக்கூடாது.

[காட்சி: கணினித் திரையில் அட்டவணை]

தன்னார்வலர்களின் மணிக்கணக்கை வருகைப் பதிவேட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எந்த வாகனத்தில், எவ்வளவு தூரத்திலிருந்து வந்தீர்கள் என்ற கேள்வியையும் தாளில் சேருங்கள். பயணத்தின் கரியமில வாயு சாதாரணமானதல்ல.

தாள்களை அன்று இரவே கணினியில் ஏற்றிவிடுங்கள். அடுத்த வருடம் கேள்விகளின் சொற்களை ஒன்றுகூட மாற்றாதீர்கள். மாற்றினால் இரண்டு வருடக் கணக்கையும் ஒப்பிட முடியாது.