பண்டிகைத் தலையணை உறைக்கு ஜிப் வைப்பது எப்படி?

நேயர்களுக்கு வணக்கம். மிஞ்சிய துணித் துண்டுகளை ஒட்டுப்போட்டுப் பண்டிகைக்குத் தலையணை உறை தைக்க எல்லோருக்கும் ஆசைதான். ஜிப் என்றதும் தயங்கி, பட்டனோ நாடாவோ போதும் என்று விட்டுவிடுகிறார்கள். அந்தத் தயக்கம் வேண்டாம். முதலில் துணியை மூடித் தைத்துவிட்டு, அப்புறம் ஜிப்பை வைத்தால் அது கோணாது.

16 இஞ்ச் சதுர உறைக்கு 4½ இஞ்ச் சதுரங்கள் 16 வெட்டிக்கொள்ளுங்கள். வரிசைக்கு நாலு, நாலு வரிசை. பருத்தியை முன்கூட்டியே நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். சிவப்பு சாயம் விட்டால் பக்கத்து வெள்ளைத் துண்டு பாழாகிவிடும். பட்டுத் துண்டு நழுவும், நூல் பிரியும். அதன் பின்புறம் மெல்லிய ஃப்யூசிங் (இஸ்திரி சூட்டில் ஒட்டிக்கொள்ளும் உள்துணி) ஒட்டியபின் வெட்டுங்கள்.

தையலுக்குச் சரியாகக் கால் இஞ்ச் விடுங்கள். அரை நூல் அளவு (ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு) கூடுதலாகப் பிடித்தால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு துண்டுகளிலுமாக ஒரு நூல் போகும். மூன்று இணைப்பில் மூன்று நூல் போய், முன்பக்கம் பின்பக்கத்தோடு பொருந்தாது. ஊசியிலிருந்து கால் இஞ்ச் தள்ளி மெஷினில் ஒரு டேப் ஒட்டிக்கொண்டால் கண்ணுக்குக் கோடு கிடைத்துவிடும். ஒரு வரிசையின் தையல் மடிப்பை இடப்பக்கமும் அடுத்ததை வலப்பக்கமும் தேய்த்துவிட்டால் முனைகள் ஒன்றோடொன்று பொருந்தி உட்காரும்.

இனி ஜிப். பின்பக்கத்துக்கு 16½ இஞ்ச் அகலம், 9¼ இஞ்ச் உயரத்தில் இரண்டு துண்டுகள். 20 இஞ்ச் நைலான் ஜிப் வாங்குங்கள். உலோகப் பல் வேண்டாம், ஊசி பட்டால் முறியும். துண்டுகளின் நல்ல பக்கங்கள் உள்ளே பார்க்க, நீள ஓரத்தில் 1 இஞ்ச் விட்டுத் தையுங்கள். இரு முனையிலும் 1½ இஞ்ச் சாதாரணத் தையல். அது முடியும் இடத்தில் முன்னும் பின்னும் ஓட்டிக் கெட்டிப்படுத்துங்கள். நடுவில் மெஷினின் மிக நீளமான தையல் போதும், அதைப் பிறகு பிரிக்கத்தான் போகிறோம்.

தையல் மடிப்பை இரு பக்கமும் விரித்துத் தேய்த்துவிடுங்கள். மூடிய ஜிப்பை, அதன் முகம் துணியைப் பார்க்க, பற்கள் தையல் கோட்டின் மேல் வரும்படி வையுங்கள். ரன்னர், அதாவது ஜிப்பை இழுத்துத் திறந்து மூடும் பகுதி, உள்ள முனை 2 இஞ்ச் வெளியே நீட்டியிருக்கட்டும். ரன்னர் வழியில் இல்லாததால் தையல் எங்கேயும் வளையாது. ஜிப்பை இழுத்துப் பிடிக்காமல், கையால் நூலோட்டி நிறுத்துங்கள்.

துணியைத் திருப்பி, ஜிப் ஃபுட் (ஜிப் பற்களை ஒட்டித் தைக்க உதவும் மெஷின் பாதம்) மாட்டி, கோட்டிலிருந்து கால் இஞ்ச் தள்ளித் தையுங்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே முனையிலிருந்து தொடங்குங்கள். ஒன்று மேலிருந்து, மற்றது கீழிருந்து என்றால் துணி எதிரெதிராக இழுபட்டு அலை அலையாக நிற்கும். ஜிப்பில் அலை வர முக்கியக் காரணம் இதுதான்.

கையோட்டத்தையும் நடு நீளத் தையலையும் பிரியுங்கள். ரன்னரை நடுவுக்கு இழுத்துவந்த பிறகே வெளியே நீட்டும் முனைகளை வெட்டுங்கள். முந்தி வெட்டினால் ரன்னர் கழன்று கையோடு வந்துவிடும்.

ஜிப் பாதி திறந்தே இருக்கட்டும். மூடியிருந்தால் தைத்து முடித்த உறையைப் புரட்ட வழியில்லை. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் நல்ல பக்கங்கள் சேர வைத்து, நாலு ஓரமும் கால் இஞ்சில் தையுங்கள். ஜிப் முனையைக் கடக்கும் இடத்தில் சக்கரத்தைக் கையால் சுற்றி, முன்னும் பின்னுமாக மூன்று முறை ஓட்டுங்கள். இனி ரன்னரை நிறுத்துவது அந்தத் தையல்தான். ஓரங்களுக்கு ஜிக்ஜாக் போட்டு, மூலைகளைச் சாய்வாக நறுக்கிப் புரட்டுங்கள்.

உறை தொளதொளவென்று தெரிந்தால் 18 இஞ்ச் தலையணையைப் போடுங்கள். மூலைகள் நிரம்பி நிற்கும்.